அண்ணன் போட்டிருந்த துண்டு

மதுரையில் காலேஜில் படித்தபோது, இங்கிலீஷ் பாடம் நடத்திய பாதிரியார் எங்களை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும், படிப்பவர் கண்ணுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்றார். நான் அண்ணனைப் பற்றி எழுதினேன். நான் சின்னப் பையனாக இருந்தபோதே பெரியாற்றில் அணை கட்டும் வேலைக்கு மலையேறியவர் அவர். வேலை முடிந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிய பிறகும் அவர் எங்கள் ஊரான அனுமந்தன்பட்டிக்குத் திரும்பவில்லை. யார் இறங்கி வந்தாலும் ஆத்தா ரோட்டுக்கு ஓடிப்போய் முகம் பார்ப்பாள்.

"உன் அண்ணன் எப்படி இருப்பார் என்றே தெரியவில்லையே. வீட்டில் கேட்டு வந்து எழுது" என்றார் பாதிரியார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பிலேயே என் கட்டுரைதான் உசத்தியாக இருக்க வேண்டும் என்று விடுமுறைக்கு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆத்தா வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "மலைக்குப் போகையில அண்ணன் என்ன துண்டு போட்டுருந்தாக?"

"செவப்புக் கரை போட்டது. எதுக்குப்பா?"

"கழுத்துல மாதா படம் வச்ச உத்தரியக் கயிறு கெடந்துச்சா?"

ஆத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் பிள்ளை வெளியூரில் செத்துப்போனால் பெற்றவளிடம் யாரும் அதை நேரே சொல்வதில்லை. சேதி கொண்டு வந்தவர், போனவர் உடுத்தியிருந்ததை ஒவ்வொன்றாக விசாரிப்பார், வீட்டார் விளங்கிக்கொள்வார்கள். சின்னதிலிருந்து பார்த்த வழக்கம்தான். அன்றைக்குக் கட்டுரை நினைப்பில் என் புத்தியில் உறைக்கவில்லை.

"காலேஜுக் கட்டுரைக்குத்தான் கேட்டேன் ஆத்தா. எனக்கு ஒரு சேதியும் தெரியாது" என்று மன்றாடினேன்.

"காலேஜுல துண்டையும் உத்தரியத்தையுமா கேப்பாக? மறைக்காதப்பா. படிச்ச புள்ள, பக்குவமாத்தான் சொல்லியிருக்க."

அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அது ஆறுதல் வார்த்தையாகவே பட்டது. அதுவரை மாலைச் செபத்தில் அண்ணன் பத்திரமாக வந்து சேர வேண்டிக்கொள்வோம். அன்று மரித்தவர்களுக்கான செபத்தில் ஆத்தா அவர் பேரைச் சேர்த்தாள்.

கட்டுரையை வகுப்பில் வாசித்தார்கள். சிவப்புக் கரைத் துண்டைப் பாதிரியார் வெகுவாக மெச்சினார்.

அண்ணனைப் பற்றி நல்லதோ கெட்டதோ எந்தச் சேதியும் கடைசிவரை வரவில்லை. அதற்கப்புறம் ஆத்தா பல வருஷம் இருந்தாள். ஒருநாளும் ரோட்டுக்கு ஓடவில்லை. அந்த எதிர்பார்ப்பையாவது நான் அவளுக்கு விட்டுவைத்திருக்கலாம். இப்போது மலையிலிருந்து யார் இறங்கினாலும் நான்தான் போய்ப் பார்க்கிறேன், முதலில் தோளில் கிடக்கும் துண்டை.