சிஸ்டரின் குளத்தில் எத்தனை ஆம்பல்

ஈரச் சாக்கு தோளில் கனக்க, குளத்தூரிலிருந்து திருப்புறம் போகும் வழியில் நடந்துகொண்டிருந்தேன். சாக்குக்குள் ஒன்பது ஆம்பல் செடிகள், கிழங்கும் வயல் சேறுமாக. தண்ணீர் முதுகில் வடிந்து, வேட்டியை நனைத்து, குதிகால் வரை வந்தது. எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "மீனா? என்ன மீனு?" என்றார். "பூவாக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை. வேலை முடிந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று வளைவில் நின்று பார்த்தேன். சிஸ்டர் இடுப்பில் கையை ஊன்றிக் குளக்கரையிலேயே நின்றார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன், ரப்பர் வெட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். பட்டினி கிடந்ததும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பசிக்கும், பிறகு எங்காவது சோறு கிடைக்கும். சிஸ்டர் வீட்டு வேலையும் அப்படி வழியில் கிடைத்ததுதான். அவர் கன்னியாஸ்திரீ அல்ல, வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து திரும்பியவர். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், திருப்புறத்தில் ஒரு இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதிலிருந்து சபையில் சிஸ்டரைப் பார்க்கும் பார்வை மாறியது.

அந்தச் சபையில் ஞாயிறுதோறும் ஒரு குடும்பம் பீடத்துக்குப் பூ கொடுக்கும். சபைப் போதகரான ஐயர் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். பூ கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, சொந்த விளையில், வீட்டுத் தோட்டத்தில், பூத்ததாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வழக்கம் எப்போதோ தளர்ந்து, பாறசாலைக் கடைப் பூ பீடத்தில் ஏறிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்டதில்லை. சிஸ்டரின் முறை வந்தபோதுதான் சபைச் செயலாளருக்கு வழக்கம் நினைவு வந்தது. "கடையில வாங்கினது காணிக்கையாவாது சிஸ்டரே. சொந்த விளையில பூத்தது உண்டெங்கில் கொண்டு வாருங்க" என்று, பூக் கொண்டுபோன வாளியோடு அவரைத் திருப்பி அனுப்பினாராம். சிஸ்டரின் விளை வயலை ஒட்டிய பள்ளம் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. மழை பெய்தால் செம்பருத்திக்குக்கூட அங்கே வேர் அழுகும். நிற்பது தண்ணீர் மட்டும்தான். வீட்டு முன்னால் வெட்டுக்கல் கட்டிய சின்னக் குளம் ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. "செரி, தண்ணியில பூக்கியத கொண்டு போறேன்" என்று சொல்லி, அதை வாருவதற்கு என்னை வைத்தார்.

சேற்றை வாரி முடித்ததும் எத்தனை செடி வைப்பது என்ற பேச்சு வந்தது. அமரவிளை நர்சரிக்காரர் இந்த அளவுக் குளத்துக்கு மூன்று சட்டிக்கு மேல் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இலை விரிந்தால் பாதித் தண்ணீராவது வெயில் படக் கிடக்க வேண்டும். சிஸ்டருக்குப் பன்னிரண்டு வேண்டும். பீடத்தில் இரண்டு ஜாடி, ஒரு ஞாயிறும் அவை நிறையாமல் இருக்கக் கூடாது.

"அவ்வளவும் வச்சா உள்ள கிடக்கிய மீனு மூச்சு முட்டிச் செத்துப்போவும் சிஸ்டர்" என்றேன்.

"எனக்கும்தான் மூச்சு முட்டுது. நான் செத்தா போனேன்? வை லே."

வெள்ளை ஆம்பல் சாயங்காலம் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிவிடும். அதையும் சொன்னேன். "பிரசங்கம் முடியியதுக்கு முன்ன இது கண்ண மூடிரும்."

"மூடட்டு. பெஞ்சுல இருக்கிய பாதிப்பேருக்கும் அதுதானே பழக்கம்!"

பன்னிரண்டும் வைத்தேன். இலைகள் முதலில் அடக்கமாகத்தான் மிதந்தன. பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடமில்லாமல் விளிம்பு சுருண்டு நின்றன. தண்ணீர் கண்ணில் படவே இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. முதல் பூக்கள் விரிந்த சனிக்கிழமை சாயங்காலம் செயலாளரே நேரில் வந்தார். கரையில் நின்று கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தார். ஆம்பலைப் பீடத்தில் வைக்கக் கமிட்டி சம்மதித்துவிட்டது என்றார். அது நல்ல செய்திதான். சிஸ்டரின் முகம் ஒரு கணம் இளகியதைப் பார்த்தேன்.

"பேரு மட்டும் மரிச்ச உங்க வீட்டுக்காரருக்க பேர்ல சொல்லுவோம். உங்க பேரு வேண்டாம். பின்ன, மவ... அவ கொஞ்ச நாளைக்கு சபைக்கு வராம இருந்தா நல்லது. பிரச்சினை ஆறட்டு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"எலே மக்கா, அந்த நர்சரிக்காரன் எத்தறன்னு சொன்னான்?"

"மூணு."

"மூணு நிக்கட்டு. மிச்சத்த வெளிய எடு."

செயலாளர் பதறினார். "என்ன சிஸ்டரே, பூத்த செடியில்லியா? பீடத்துக்கு மூணு எப்படிக் காணும்?"

"பன்னிரண்டு உங்க பீடத்துக்கு உள்ள கணக்கு. மூணு எனக்க குளத்துக்கு உள்ள கணக்காக்கும். உங்களுக்குப் பூ வேணும், எனக்க மவ வேண்டாம். அப்படி ஒரு பூ இந்த விளையில பூக்காது, கேட்டியளா?"

அவர் போனதும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு சட்டியாகத் தூக்கினேன். இலைகள் விலக விலக நடுவில் தண்ணீர் தெரிந்தது. எடுத்த செடிகளை எங்கே போடுவது என்று கேட்டேன். "அவளுக்குக் கொண்டு குடு" என்று மட்டும் சொன்னார்.

மகள் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை ஒரு மொட்டின் காம்பைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "செரி அண்ணே, குளத்துக்கு நான் எங்க போவேன்?" அவள் கணவன் துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்து அப்போதைக்குச் செடிகளை அதில் இறக்கினான்.

இப்போது நான் வேறு மாநிலத்தில், கண்ணாடி வைத்த பெரிய கட்டடத்தின் முன்னால் தோட்ட வேலை பார்க்கிறேன். இங்கேயும் குளம் உண்டு. எத்தனை பூ தெரிய வேண்டும் என்று மேலே உள்ளவர்கள் படத்தைக் காட்டிச் சொல்வார்கள். வைப்பேன். ஈரச் சாக்கு முதுகில் படும்போதெல்லாம் அந்த வழி நினைவு வரும். போன தடவை ஊர்ப்பக்கம் போனபோது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். சிஸ்டரின் குளத்தில் ஓரமாக மூன்று, நடுவில் வெறும் தண்ணீர், அதில் வானம். ஞாயிறுதோறும் அவர் பூவில்லாமல் வெறுங்கையோடு கோயிலுக்குப் போய், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருகிறாராம். யாரும் எழுப்புவதில்லையாம்.

செடிகளைக் கொண்டுபோன அன்று இரவு மகள் வீட்டிலேயே தங்கினேன். விடிந்ததும் அவள் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து, குளத்தை எத்தனை பெரிதாக எடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்பது செடிக்கு அம்மாவின் குளத்தைப்போல மூன்று மடங்கு வேண்டும் என்றேன். "முற்றம் பாதி போயிரும் மக்கா. ஊர்க்காரங்க சிரிப்பாங்க."

"போவட்டு" என்றாள், அம்மாவின் அதே குரலில். "சிரிக்கட்டு."

காய்ந்துகொண்டிருந்த சாக்கை மடித்துத் தலையில் வைத்துக்கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்தேன். கேட்டுக்கு நேர் எதிரே, வழியில் போகிற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், முதல் வெட்டு வெட்டினேன்.