இரண்டு மாவு முகங்கள்

சித்தப்பா எனக்கு மட்டுமே சொந்தம் என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். நைனாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வீட்டில் இருப்பது குறைவு. ராயபுரத்தில் எங்கள் சந்திலேயே காலேஜ் படித்த ஒரே ஆள் சித்தப்பா. பெரிய ஆஸ்பத்திரியின் ரேடியம் அறையில் அவருக்கு வேலை. டாக்டரா என்று கேட்டால் இல்லை என்பார். கம்பவுண்டரா என்றால் அதுவும் இல்லை. புற்றுக்கட்டியின்மேல் ரேடியத்தை எவ்வளவு தூரத்தில், எத்தனை நேரம் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் அவர். இது யாருக்கும் விளங்கவில்லை. இவ்வளவு படித்தும் பிழைக்கத் தெரியவில்லையே என்று சந்து அவருக்காக வருத்தப்பட்டது. பிற்காலத்தில் அவர் பேராசிரியராகி, அந்தக் கணக்கைக் கற்க வெளிமாநிலத்துப் பையன்களெல்லாம் வந்து குவிந்தபோதும் எங்கள் சந்தில் அவர் பெயர் ரேடியம்காரர்தான்.

மாலையில் அவர் சைக்கிள் மணி கேட்டால் முன்கம்பியில் ஏறிக்கொள்வது என் உரிமை. அந்த உரிமைக்கு வில்லங்கம் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்தது. அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்து இறங்கினாள். அத்தை மகளுக்கும் என் வயதுதான். இடது கன்னத்தில், தாடைக்கு மேலே, எலுமிச்சங்காயை அடக்கி வைத்ததுபோல் ஒரு வீக்கம். சித்தப்பா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று முதல் கட்டில் அவளுக்கு. ஆரஞ்சுப் பழம் அவளுக்கு. வஞ்சிர மீனின் நடுத்துண்டு அவளுக்கு. சைக்கிளின் முன்கம்பியும் அவளுக்கு. எனக்கு மிஞ்சியது, “நீ சும்மா இரு” என்ற ஒரு சொல்.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தின்மேல், எலும்பு முறிந்தால் கட்டுப்போடுகிற மாவைப் பூசி அச்செடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அவள் போட்ட கூச்சலில் மாவுச் சட்டி உருண்டதாம். அச்சு இல்லாமல் ரேடியத்தைக் கன்னத்தில் பொருத்த முடியாது. சித்தப்பா வெள்ளை மாவை வீட்டுக்கே எடுத்துவந்தார்.

“ஒண்ணியும் ஆவாது கண்ணு. மூஞ்சிக்கு மாவு. அவ்ளோதான்.”

“மூச்சு முட்டி செத்துப்புடுவேன் மாமா!” என்று அவள் அத்தையின் முந்தானைக்குள் போய்விட்டாள்.

அத்தை அழ ஆரம்பித்தாள். சித்தப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“எனுக்குப் போடு சித்தப்பா. நான் ஒண்ணும் பயப்பட மாட்டேன்” என்று பாயில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

சித்தப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, கண்ணுக்குப் பஞ்சு வைத்து, மூச்சுவிட மூக்குத் துளைகளில் பப்பாளிக் காம்பைச் செருகி, குளிர்ந்த மாவைப் பூசினார். மாவு இறுகும்போது சூடாகியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய கை என் தலையிலேயே இருந்தது. அந்தக் கைக்காக நாள் முழுக்கப் படுத்திருப்பேன். அச்சைக் கழற்றியபோது அத்தை மகள் என்னருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனுக்கும்” என்றாள்.

“பாத்தீங்களா அண்ணி, இவ படுக்காட்டி அவ ஒத்துக்கினே இருக்க மாட்டா” என்று அம்மாவிடம் சித்தப்பா சொன்னது காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அச்சுகளுக்குள் மாவை ஊற்றி இரண்டு முகங்கள் செய்து ஜன்னலில் காயவைத்தார். என்னுடையதுதான் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சித்தப்பா எடுத்தது அவளுடையதை. அதன் கன்னத்தில் மெழுகை உருக்கித் தடவி, சின்ன ஸ்கேலால் அளந்து, சுரண்டி, மறுபடி தடவி, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ரேடிய ஊசிகள் அந்த மெழுகின்மேல் உட்காரும் என்றார். வேலை முடிந்ததும் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அத்தை மகளும் சைக்கிளில் கூடவே போனாள். என் முகம் ஜன்னலிலேயே கிடந்தது.

அடுப்படியில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“எனுக்கும் கன்னத்துல கட்டி வரணும்மா.”

“இன்னாடி சொன்ன?”

“கட்டி வரணும். அப்பத்தான் சித்தப்பா என்னிய இட்டுக்கினு போவாரு.”

மீன் செதில் ஒட்டிய கையாலேயே அறைந்தாள். அடித்த கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அத்தை மகள் ஆஸ்பத்திரியில் தங்கினாள். சித்தப்பா இருட்டிய பிறகே வருவார். அவள் திரும்பி வந்தபோது கன்னம் தீய்ந்த தோசைபோல் கறுத்திருந்தது. பிறகு தோல் உரிந்தது, வீக்கமும் கரைந்தது. கன்னத்தில் ஒரு சிறு குழி மட்டும் தங்கிவிட்டது. அவள் பேரன் பேத்தி எடுத்து இன்றும் மீஞ்சூரில் இருக்கிறாள்.

அதற்கு மறு வருஷம் சித்தப்பா மேல்படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டார். பம்பாய்க்குப் போய்க் கப்பலேற வேண்டும். சென்ட்ரலில் எங்கள் சந்தே மாலையோடு நின்றது. வண்டி ஊதிவிட்டது. சித்தப்பா அத்தை மகளை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தி, முகவாயைப் பிடித்துத் திருப்பி, அந்தக் குழியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். தாடைக்குக் கீழே, கழுத்தோரம், காதுக்குப் பின்னால் என்று தடவினார். கார்டு கொடியசைத்த பிறகும் விடவில்லை. என் பக்கம் திரும்பியவர், “நல்லா படி” என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடி ஏறிக்கொண்டார்.

வீடு வரும்வரை ஜட்கா வண்டியில் தேம்பித் தேம்பி அழுதேன். சித்தப்பாவைப் பிரிந்த துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். என் முகத்தில் அவர் தேடிப் பார்க்க ஒன்றுமில்லை என்பதற்குத்தான் அழுதேன். அது அழ வேண்டிய விஷயமா என்று சொல்லித்தர அந்த வண்டியில் யாருக்கும் தோன்றவில்லை. அத்தை மட்டும் தன் மகளின் கன்னத்தை முந்தானையால் மூடியபடி, வழி முழுக்கக் குழி விழாத என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.