எலும்புக்குள் போன செய்தி

ஜெர்மனியில் யாரும் உங்கள் நோயை விசாரிக்க மாட்டார்கள். விடுப்புக் கேட்டு நின்றபோது என் மேலாளர் அம்மையார், "கூட்டே பெஸ்ஸெருங்" என்றார். சீக்கிரம் குணமடையுங்கள் என்று பொருள். நோய் எனக்கில்லை, கோவையிலிருக்கும் தங்கைக்கு என் எலும்பிலிருந்து செல்கள் எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். எலும்பு என்ற சொல் மட்டும் எட்டியதோ என்னவோ, அவர் என் கைகால்களைப் பார்த்துவிட்டு, படியில் இறங்காமல் லிஃப்டில் போகச் சொன்னார்.

கோவை மருத்துவமனை வராந்தாவில் விசாரிக்காதவர்களே இல்லை. கணவரைச் சேர்த்திருந்த ஈரோட்டு அம்மா ஒருவர் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு என்னங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. தங்கச்சிக்கு ரத்தப் புத்துநோய்."

"ஊசி உங்களுக்குத்தானுங்க போடறாங்க?"

அதுதான் விந்தை. தங்கை பூங்கொடியின் நோயுற்ற எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, ரத்தத்தை உண்டாக்கும் என் ஸ்டெம் செல்களை அவளுக்குக் கொடுக்க வேண்டும். அவை எலும்புக்குள் ஒட்டிக் கிடப்பவை. எளிதில் வெளியே வராதவை. எனக்கு ஊசியில் ஏற்றியது ஒரு புரதம். கிருமி தாக்கினால் உடம்பே அதைச் சுரந்து, இன்னும் வெள்ளையணுக்கள் வேண்டுமென்று மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்பும். அளவைக் கூட்டினால் ஸ்டெம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிடியும் தளர்கிறது. அவை ரத்தத்தில் இறங்கிவிடுகின்றன. இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று தெறித்தபோதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

"வலிக்குதுங்களா? உள்ள வேலை நடக்குதுன்னு வெச்சுக்கங்க" என்றார் ஈரோட்டம்மா.

பிறகு ஓர் இயந்திரம் ஒரு கையில் ரத்தத்தை வாங்கி, செல்களைப் பிரித்து, மறு கையில் திருப்பித் தந்தது. கிடைத்தது ஒரு சிறு பை. அன்று மாலையே அது பூங்கொடியின் ரத்தக்குழாயில் இறங்கியது. அவள் எலும்பை யாரும் தொடவில்லை. "எலும்புக்குப் போற வழி அதுங்களுக்கே தெரியுமுங்க" என்றார் மருத்துவர்.

கிருமி அண்டாத தனியறையில், கண்ணாடிக்கு அப்பால் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி அவள் கிடந்தாள். வெள்ளையணுக்கள் ஏறவே இல்லை. அதற்குள் என் விடுப்பு முடிந்தது. போனில் மெல்லச் சொன்னாள்: "நீ போயிட்டு வாண்ணா. உன்ர செல்லு எங்கூடத்தான இருக்குது." விமானத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நான் ஜெர்மனி வந்திறங்கிய வாரத்தில் அணுக்கள் ஏறத் தொடங்கின. சில மாதங்களில் அவளுடைய ரத்த வகையே மாறியது. "அண்ணா, எனக்கும் இப்ப உன்ர குரூப்புத்தானாமா" என்று சிரித்தாள். மறுபடி வேலைக்கும் போகிறாள்.

காலையில் பனியில் டிராமுக்காக நிற்கிறேன். கையுறைக்குள் விரல்கள் மரத்துப் போகின்றன. அந்நேரம் கோவையில் உச்சி வெயில். என் ரத்தம் காந்திபுரத்து நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறது.