திருப்பிச் சுற்றிய மண்

ஹெப்சிபாவுக்கு ஒரு சங்கதி விளங்கவில்லை என்றால் சோறு இறங்காது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில், பெரிய உருளைத் துணியைச் சின்ன உருளைக்கு மாற்றிச் சுற்றும் மெஷினில் அவளுக்கு வேலை. சேர்ந்த முதல் வாரமே, பெரிய உருளையில் அடியில் கிடந்த கறை சின்னதில் மேலே வந்தது எப்படி என்று சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டாள். "சுத்துனா அப்படித்தாம்மா வரும்" என்று சொல்லி மனுஷன் தப்பித்தார். இவள் விடுவாளா? முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துப் பார்த்தாள். முதலில் சுற்றியது கடைசியில்தானே அவிழும், அதனால்தான் உள்ளே இருந்தது வெளியே வருகிறது என்று புரிந்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அவள் புருஷன் எட்வின் டவுன் பஸ் டிரைவர். பொறுமைசாலி, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரைதான். கல்யாணமான நாளில் இருந்து வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லாத வீட்டுக்காரரை ஹெப்சிபா பார்த்ததே இல்லை. ஆசை தீர ஆணி அடிக்கத் தனக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்பாள். செட்டியார்பட்டிக்கு மேற்கே மனை வாங்கி, பில்லருக்குக் குழியும் தோண்டியாயிற்று. மறுநாள் காலையில் கான்கிரீட் வண்டி வருகிறது, போதகர் ஜெபம் பண்ண வருகிறார்.

அன்று சாயங்காலம் இருவரும் மனைக்குப் போனார்கள். கொத்தனார் பால்பாண்டி சந்தோஷமாக இருந்தார். "அடி மண்ணு நல்லா கெட்டியா இருக்குக்கா. மேற்கு மூலையில மட்டும் செத்த இளகலு. ரெண்டு கூடை கல்லு கூடப் போட்டுச் சரிக்கட்டிருவோம்" என்றார்.

எட்வின் தலையாட்டினான். ஹெப்சிபாவோ குழியின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே கருங்கல் சில்லு. அதற்குக் கீழே, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற சுக்காம்பாறை. அடியில் செம்மண்.

"தம்பி, கெழக்கால பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல மேல செம்மண்ணு, நடுவுல சுக்காம்பாறை, அடியில கருங்கல்லுல்ல இருக்கு. இங்க ஏன் தலைகீழா இருக்கு?"

"நெலம் எடத்துக்கு எடம் மாறும்க்கா."

"மாறட்டும். அடியில இருக்கது மொதல்ல வந்தது, மேல இருக்கது பொறவு வந்தது. அப்ப இங்க மண்ணு வந்த பொறவு கல்லு வந்திருக்கு. எங்க இருந்து வந்துச்சு?"

"ஓடை வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்" என்று எட்வின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஏட்டி, எல்லாத்துக்கும் ஒரு கேள்வியா? விடியக்காலம் வண்டி வந்து நிக்கும். அதுக்குள்ள எம்புட்டு வேலை கெடக்கு."

வெள்ளம் என்றதும் அவளும் ஒரு நிமிஷம் சமாதானமாகிவிட்டாள். மலையில் இருந்து கல் உருண்டு வருவது அந்தப் பக்கத்தில் புதிதில்லையே. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சில்லை எடுத்தாள். விளிம்பு விரலைக் கீறிவிட்டது. உருண்டு வந்த கல் வழவழவென்றல்லவா இருக்கும்? இன்னொன்றை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில், குழாயை நெடுக்காக வகிர்ந்து பதித்த மாதிரி நேரான பள்ளம்.

பால்பாண்டி அதைக் கையில் வாங்கிப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது வெடிமருந்து வைக்கத் துளை போட்ட தடம்க்கா. கெணத்துக்குள்ள வெடிச்சு எடுத்த கல்லு."

ஹெப்சிபாவுக்குக் கம்பெனி உருளை ஞாபகம் வந்தது. "அப்ப இது திருப்பிச் சுத்துன மண்ணு. கெணறு தோண்டுறப்ப செம்மண்ணுதான மொதல்ல வெளிய வரும், அது அடியில கெடக்கு. கருங்கல்லு கடைசியா வந்து மேல உக்காந்துக்கிருச்சு. சரி, அந்தக் கெணறு எங்க?"

கிணற்றுக்குப் பக்கத்தில்தானே கல்லைக் கனமாகக் கொட்டியிருப்பார்கள் என்று அவள் குழி குழியாகப் போய்ப் பார்த்தாள். கிழக்கே கல் சில்லு ஒரு விரல் கனம். மேற்கே போகப் போக அது சாண் ஆகி, முழம் ஆனது. மேற்கு மூலைக் குழியில் வரிசையே இல்லை. செம்மண், சில்லு, அறுந்த செருப்பு, பிளாஸ்டிக் பை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

பால்பாண்டி அந்தக் குழியில் இறங்கிக் கடப்பாரையைக் குத்தினார். முதல் குத்தில் முழங்கால் உயரம் இறங்கியது. எட்வின் மேலே இருந்தே அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். மறு குத்துக்குக் கடப்பாரை அவர் கையை விட்டு நழுவிப் போனது. சரசரவென்று சத்தம், பிறகு வெகு கீழே தண்ணீரில் விழுந்த சத்தம். எட்வின் அவரை ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டான்.

மூவரும் பின்னால் நகர்ந்து நின்றார்கள். பழைய கிணற்றை யாரோ வாய்ப்பக்கம் மட்டும் குப்பையும் மண்ணும் போட்டு மூடியிருக்கிறார்கள். பிள்ளைகள் படுக்க அறை என்று சுண்ணாம்புக்கோடு போட்டிருந்த இடம் அது. எட்வின் கான்கிரீட் வண்டிக்காரருக்கும் போதகருக்கும் போன் போட்டு, நாளைக்கு வேண்டாம் என்று சொன்னான். பால்பாண்டி குழியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டார்.

வீடு இன்னும் தள்ளிப்போகிறது. ஹெப்சிபாவுக்கு அழுகை வந்துவிட்டது. கல் குவியலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எட்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்து அவளிடம் நீட்டினான். கருங்கல்லின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"ஹெப்சி, இந்தக் கோடு மொதல்ல வந்ததா, கல்லு மொதல்ல வந்ததா?"

கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது, சாப்பாடு ஆச்சா என்பதைத் தவிர்த்தால். அவள் கல்லை வாங்கி, வெளிச்சம் இருந்த பக்கமாகத் திருப்பினாள்.

"கல்லுதான். துணி இருந்தாத்தான கிழிசல் விழும். கல்லு விரிசல் விட்ட பொறவு வெள்ளை உள்ள எறங்கியிருக்கும்."

"ம்" என்றான். "நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன். கிழக்குப் பக்கம் புதுசா குழி எடுக்கச் சொல்வோம். நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கான்கிரீட்."