அண்ணன் ஒப்படைத்துவிட்ட சாவி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகள் பலருக்கு அவர் அதிகம் பேசாதவர் என்று மட்டுமே தெரியும். அவருடைய கைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத் தங்கை என்ற முறையில் எழுதுகிறேன்.

கம்மாபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார் அண்ணன். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபின், அப்பா பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி நெய்வேலியில் வாடகைக்கு ஓட்டினார். கல்யாணமாகி நான் அழுதுகொண்டே போனதும் அந்தக் காரில்தான். அண்ணன் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பல வருடம் காத்திருந்து பெர்மனென்ட் ஆனார். மண் வெட்டும் ராட்சத எந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அப்பா காலமானபின் இஞ்சினில் விரிசல் விழுந்து, கார் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. அண்ணனுக்கு அப்போதே இதயம் பலவீனம்; உதவிக்கு நானும் வந்து தங்கியிருந்தேன்.

"காயலாங்கடைக்குப் போட்டுடலாங்க," என்றார் அண்ணி.

"அப்பா வண்டிய இழுத்துக்கினு போவ மாட்டேன். ஓட்டிக்கினுதான் குவார்ட்டர்ஸ் கேட்டத் தாண்டுவேன்," என்றார் அண்ணன்.

வடலூர் காயலாங்கடையில், பின்பக்கம் நசுங்கிய நவீன கார் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் இஞ்சினை மட்டும் எடுத்து அம்பாசடரில் வைத்து, பழைய கார்புரேட்டரை மாட்டச் சொன்னார்கள் நண்பர்கள். அண்ணன் கேட்கவில்லை. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள், டேங்குக்குள் இருந்த பம்பு, இஞ்சினுக்கு மூளையாக இருக்கும் பெட்டி, மீட்டர், சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த வளையம் என்று எல்லாவற்றையும் எடுத்தார். ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. ஒவ்வொரு முனையிலும் அண்ணியின் பழைய புடவைக் கிழிசலை நிறம் பார்த்துக் கட்டினார். எந்தப் புடவை என்று அண்ணியைக் கேட்காமல்தான்!

இன்ஜெக்டர்களைக் கழுவி, நான்கு ஊறுகாய் பாட்டில்களுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சவிட்ட நாளை நான் மறக்க மாட்டேன். மதியம் வரை அண்ணியை அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. மார்கழிப் பனி போல மெல்லிய புகையாக இறங்கியது பெட்ரோல். நிறுத்தியபோது நான்கு பாட்டில்களிலும் ஒரே மட்டம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நண்பர்கள் சங்கிலி போட்டு இஞ்சினை இறக்கினார்கள். எல்லாம் மாட்டியாயிற்று. அம்பாசடரின் பழைய சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சாவிய குடுத்துட்டு கையெழுத்து வாங்கிக்கினு வந்துட்டனே!"

அந்தக் காரின் சாவிக்குள் ஒரு சில்லு உண்டு. அது வளையத்தருகே இருந்தால்தான் பெட்டி பெட்ரோல் விடும். மைன்ஸிலோ, கழித்துப்போட்ட எந்திரத்தின் சாவியைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது அவருக்குப் பழகிய முறை. ஆணியைக்கூட விடாமல் எடுத்தவர், சாவியை மட்டும் காயலாங்கடைக்காரரிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

அன்று மாலையே மூச்சுத் திணறியதால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையெழுத்துச் சீட்டோடு நான் வடலூர் போனேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"எங்கிட்ட சாவி குடுத்து கையெழுத்து வாங்குன மொத ஆளு அவருதாங்க," என்று சொல்லி, சாவிகள் நிறைந்த எண்ணெய் டின்னையே தூக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அண்ணியும் நானும் ஒவ்வொரு சாவியாக வளையத்தருகே பிடித்துப் பார்த்தோம். டின் பாதிக்கு மேல் காலியானபின், ஒரு சாவிக்கு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. இஞ்சின் பிடித்தது. நான் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, இஞ்சின் பக்கத்தில் பிடித்தேன்.

மறுமுனையில் அண்ணன் இஞ்சின் ஓசையைக் கேட்டார். பிறகு, "மூணாவது இன்ஜெக்டர் வேல செய்யல, பாப்பா. கனெக்டர் சரியா உக்காரல. அழுத்தி வுடு," என்றார்.

அணைத்துவிட்டு அழுத்தினேன். 'டக்' என்றது. மறுபடி கிளப்பியதும் இஞ்சின் ஆட்டமின்றி ஓடியது. அத்தனை தூரத்தில், ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு அதைக் கேட்ட காதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

"இப்ப சரி," என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவமனை ஊழியர்களுக்கும், சங்கிலி பிடித்த ஷிப்ட் நண்பர்களுக்கும், துக்கத்தில் சமைத்துப் போட்ட எங்கள் பிளாக் குடும்பங்களுக்கும், சாவி டின் தந்த கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

காரியம் முடிந்தபின் அண்ணி குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்து, அண்ணன் பழக்கப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு காரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கேட்டைத் தாண்டினோம். அந்தக் கார் சாவியை மட்டும் நாங்கள் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.