கப்பல் சோறும் நெஞ்சு வலியும்

வெந்நீரில் ஊறிய புளியை விசாலாட்சி பிசைந்துகொண்டிருந்தாள். விரல் மூட்டுகள் பாக்குப் பாக்காக வீங்கி, விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தன. வெந்நீர் புளிக்காக இல்லை, கைக்காக. காலையில் எழுந்தால் வெயில் ஏறும் வரை அந்த விரல்கள் மடங்காது. முதல் பிள்ளை பிறந்தபோதே வந்த முடக்குவாதம்.

அறுபதுகளின் கடைசி அது. அவள் கணவர் கோவிந்தராஜ் எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலுக்குக் கயிறு கட்டும் கலாசி. நான் அடுத்த வீடு, ஆஸ்பத்திரியில் ஆயா. மெட்ராசுக்குக் கப்பல் என்றால், ஊருக்குப் போகும் தமிழர்கள் அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்து விசாலாட்சியிடம் கொடுத்துவிடுவார்கள். கப்பல் ஆடும் ஆட்டத்தில் வேறெதுவும் வயிற்றில் நிற்காது. அவளுடைய புளிச்சோறு நிற்கும், கரை சேரும்வரை கெடாது. அதனால் துறையில் அவளுக்குப் பெரிய அதிகாரிகளே வழிவிடுவார்கள். அவளுக்கிருந்த பெருமை அது ஒன்றுதான்.

எதிர் வீட்டுக்கு ஜெயமணி கல்யாணமாகி வந்தாள். அவளும் கப்பல் சோறு கட்ட ஆரம்பித்தாள். நன்றாகவும் இருந்தது. விசாலாட்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவ கையப் பாத்தியா செல்லம்? வெண்டைப்பிஞ்சாட்டம் இருக்கு. அந்தக் கைக்கு ருசி வருமா?"

"விரலையா சோத்துல போடறா?" என்றேன்.

"ஓகோ, நீயும் அவ கட்சியா?"

கோவிந்தராஜ் ஒருநாள் நல்லெண்ணத்தில் வாயைக் கொடுத்தார். "சோடோ, விடு. வலிய வச்சுக்கிட்டு ஏன் சாவற? இந்தத் தடவை ஜெயமணி பாத்துக்கட்டும்."

"உங்க நாக்குக்கும் அவ சோறு புடிச்சுப் போச்சா?"

அன்றிலிருந்து அவள் வலி என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. வலி என்றால் வேலை ஜெயமணிக்குப் போய்விடும் அல்லவா?

கப்பலுக்கு முதல் நாள் ஜெயமணி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நான் புளி கரைச்சுத் தரட்டுமா?"

"பக்குவத்தத் திருடவா? போடி உன் வீட்டுக்கு."

சத்தம் கேட்டு நான் போனேன். ஜெயமணி முற்றத்தோடு நின்றிருந்தாள். உள்ளே விசாலாட்சி கார் நிக்கோபார் தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டு இடது தோளில் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை.

"வாதம் தோளுக்கு ஏறிடுச்சு செல்லம். தாடைகூட இழுக்குது."

மூட்டு வலிக்காரர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி யாருக்கும் வியர்த்ததில்லை. "குடம் தூக்கிட்டு மேடேறினா இந்த வலி வருதா? உக்காந்தா போயிடுதா?"

"கொஞ்ச நாளா அப்படித்தான். இன்னிக்கு உக்காந்தும் போகலை. மெதுவாப் பேசு, அவ காதுல விழும்."

"விழட்டும்!" என்று சொல்லி, ஜெயமணியைக் கூப்பிட்டேன். அவள் ஓடிப்போய்த் துறை ஜீப்பைக் கையோடு அழைத்து வந்தாள். "ஜல்தி, ஜல்தி!" என்றான் டிரைவர். ஜீப்பில் விசாலாட்சியின் தலை ஜெயமணி மடியில்தான் இருந்தது. விசாலாட்சிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார் வங்காளி டாக்டர். துறையிலிருந்து ஓடிவந்த கோவிந்தராஜுக்குப் புரியவில்லை. "சீக்கு மூட்டுலதானே? நெஞ்சுக்கு எப்படிப் போச்சு?" இப்படி இன்னும் சிலரைப் பார்த்திருப்பதாகவும், காரணம் தனக்கும் தெளிவாகத் தெரியாது என்றும் டாக்டர் இந்தியில் சொன்னார். இப்போது சொல்லுகிறார்கள்: மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சி இரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுக்கிறது, நெடுநாள் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் நெஞ்சு கனக்கிறது, தாடை இழுக்கிறது என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஊசி போட்டதும் வலி அடங்கியது. படுக்கையை விட்டு எழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். விசாலாட்சி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "புளி ஊறிக் கெடக்கு, செல்லம்."

"கெடக்கட்டும். எந்திரிச்சா நீ போய்ச் சேந்துடுவே. அப்புறம் எல்லாக் கப்பலுக்கும் அவதான் சோறு கட்டுவா."

அது வேலை செய்தது. அவள் அசையவில்லை.

மறுநாள் காலை ஜெயமணி கஞ்சியும், ஒரு கிண்ணத்தில் புளிக்காய்ச்சலும் கொண்டுவந்தாள். விசாலாட்சி நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தாள். "புளி பரவால்ல. பொடி மட்டம்." முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. ஜெயமணி அவிழ்த்துச் சாவியை எடுத்தாள்.

"அலமாரில பித்தளை டப்பா. பொடிதான் குடுக்கறேன், பக்குவம் குடுக்கலை. என்ன போட்டிருக்குன்னு மோந்து பாக்காதே."

"யாரு சோறுன்னு கேட்டா அக்கா?"

"விசாலாட்சி சோறுன்னு சொல்லு. வாய் வரலேன்னா பேசாமக் குடு."

கப்பல் சங்கு ஊதும் முன்பே, சோற்றைத் துறையில் கொடுத்துவிட்டு ஜெயமணி சாவியோடு திரும்பி வந்தாள். விசாலாட்சி ஜெயமணியின் கையைப் பிடித்து இழுத்து, அந்த நேரான விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். தன் பொடி வாசனைதான். பிறகு சாவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, கஞ்சியைக் கேட்டாள்.