பெட்டியைத் திறக்காத பொண்ணு

மானிட்டர் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலும் மானிட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான். வீட்டில் வேறு எதற்கோ ஏதோ ஆகியிருக்கும். பழி மட்டும் இதன் தலையில் விழும். உங்களில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள். பார்க்காதவர்கள், ஒருகாலத்தில் எங்களைப் போன் போட்டு வரவழைத்துத் திட்டியவர்களாக இருக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சிரம்பான் நகரத்து லோபாக் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. அப்போது மானிட்டர் என்றால் பின்பக்கம் புடைத்த, ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி. அதைப் பழுதுபார்க்கத்தான் நான் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். ஆனாலும் கடையில் என்னைக் கவுண்டரில் உட்காரவைத்து பில் எழுதச் சொன்னார்கள். வீடு வீடாகப் போகும் வெளிவேலையை இரண்டு ஆண்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சிங்கப்பூருக்குப் போனதும், முதலாளி சொக்கலிங்கத்தின் முன்னால் போய் நின்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, எங்கள் ஊருக்கே உரிய 'லா' சேர்த்து ஒரு நிபந்தனை போட்டார்.

"போலா, போ. ஆனா 'ஆம்பளைய அனுப்புங்க'ன்னு மூணு போன் வந்துச்சுன்னா, மறுபடியும் கவுண்டர்தான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது, அமுதா."

அணைந்துபோன திரை

முதல் வீடு ரெம்பாவில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்று போன் செய்திருந்தார். கடை மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கும்மிருட்டு. மானிட்டரின் தாடைக்குக் கீழே விரலை விட்டு வெளிச்சத் திருகைத் திருப்பினேன். படம் வந்துவிட்டது. வாத்தியாரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நாந்தான் கொறச்சு வச்சேன். இவ்வளவு வெளிச்சமா எரிஞ்சா கரண்டு பில்லு என்னாகும்?" என்றார்.

மொத்தம் அரை நிமிஷ வேலை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாத்தியார் முகத்தில் அதில் கால்வாசிகூட இல்லை. நான் கடைக்குத் திரும்புவதற்குள் போன் வந்துவிட்டது. முதலாளி சுவர் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாத்தியார் சொன்னதை எனக்கு ஒப்பித்தார்: "அந்தப் பொண்ணு பெட்டியத் தொறக்கவே இல்லைங்க. அடுத்த தடவ ஒரு ஆம்பளைய அனுப்புங்க."

நடுவில் ஒரு சிவப்பு

சரஸ்வதி பூசை முடிந்த வாரம் பெடாஸிலிருந்து ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். திரைக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. எதைத் திறந்தாலும் அங்கேயே நிற்கிறது. துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது. குழாய் உள்ளே எரிந்துவிட்டதா என்றார். போய்ப் பார்த்தேன். கண் கூசாமல் இருக்கத் திரைக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று அப்போது விற்கும். அதைத்தான் மனிதர் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றினேன். அடியில், அசல் திரையின் நட்டநடுவில், சந்தனம் குழைத்து அதன் மேல் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. அவர் வேலைக்குப் போயிருந்தபோது அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பூசைக்கு வைத்தது. பிறகு அம்மாவே கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டதால் மகனுக்குத் தெரியவில்லை.

ஈரத் துணியால் துடைத்தேன். மகன் சிரித்து, எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்று மாலையே கடைக்குப் போன் செய்து, பொட்டை அழித்த பெண்ணை இனி அனுப்பக் கூடாது என்றார். முதலாளி நாட்காட்டிக்குப் பக்கத்தில் போய், பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"இது சாமி விஷயம். இத நான் எண்ணலலா."

சுருங்கும் படம்

ரெம்பாவுக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி ஒருவர் இருந்தார். தோட்ட ஆபிஸ் கணக்குப்பிள்ளை. நாற்காலியில் சாயாமலே உட்காருவார். அவர் வீட்டு மானிட்டரில் படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் சின்னதாகி நிற்கிறது என்றார். மதியம் போனேன், படம் முழுசாக இருந்தது. பொய் சொல்லி அலையவிடுகிறார் என்று எரிச்சலாக வந்தது. மறுநாளும் மதியம், மறுபடியும் முழுசு. மூன்றாம் நாள் வீம்புக்குச் சாயங்காலம்வரை உட்கார்ந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எல்லாரும் குளித்து முடித்து, சோற்றுப் பானையையும் இஸ்திரியையும் ஒரே நேரத்தில் கரண்டில் சொருகினார்கள். என் கண் முன்னாலேயே படம் சுருங்கியது. கிராணியின் வீடு கம்பி முடியும் இடத்தில் இருந்தது. கடைசி வீட்டுக்கு வந்து சேரும் கரண்டில் தெம்பு இல்லை.

விளக்கிச் சொன்னேன். மானிட்டரில் கோளாறு இல்லை, கரண்டைச் சீராக்கும் பெட்டி ஒன்று வாங்கினால் போதும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். நான் மோட்டாரை எடுக்கும்போதே போனையும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் காலை நாட்காட்டியில் இரண்டாவது கோடு இருந்தது. கிராணி சொன்னதை முதலாளி அப்படியே ஒப்பித்தார்:

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லவா மூணு நாளு வந்துச்சு? ஆம்பளையா இருந்தா இந்நேரம் எதையாச்சும் மாத்தியிருப்பான்."

ராஜுவின் செய்தித்தாள்

ராஜு என்பவர் மிச்சமிருந்த ஆண் டெக்னீஷியன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நல்லவர், சோம்பேறி. அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. எப்படி அண்ணே என்று கேட்டேன். பக்கத்துக் கடையில் பசியாறிக்கொண்டே சொன்னார். வீட்டுக்குள் போனதும் தரையில் செய்தித்தாளை விரிப்பாராம். மானிட்டரைத் திறக்கமாட்டார், அணைத்த பிறகும் அதற்குள் கரண்டு நிற்கும், ஆளையே தூக்கி அடிக்கும். அதனால் பக்கத்தில் இருக்கும் சிபியூவைத் திறப்பார். ஸ்க்ரூக்களை வரிசையாக அடுக்குவார். தூரிகையால் தூசி தட்டுவார். இரண்டு முறை "ம்ம்ம்" என்பார். எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு, கடைசியில் வெளிச்சத் திருகைத் திருப்புவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது வேலையா, சந்தையில் கீரியும் பாம்பும் காட்டுகிற வித்தையா என்றேன். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

"பாத்ததும் கண்டுபிடிச்சா அது வேலைன்னு யாரும் ஒத்துக்கமாட்டாங்க, அமுதா. வேர்க்கணும்லா."

ஊதா மூலை

கவுண்டருக்கும் எனக்கும் நடுவில் இன்னும் ஒரே ஒரு போன்தான். அந்த நிலையில் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் இறக்குகிறவர். லாரி ஓட்டும் கணவர், பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படிக்கும் மகளுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்திருந்தார். திரையின் வலது மூலை ஊதாவாகப் பூத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காரணம் தெரிந்துவிட்டது. மானிட்டரின் வலது கன்னத்தை ஒட்டி ஒரு பெரிய ரேடியோ ஸ்பீக்கர். உள்ளே இருக்கும் காந்தம் நிறத்தை இழுக்கிறது. தள்ளிவைத்து, காந்தம் நீக்கும் பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது.

ஆனால் நான் தள்ளவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, அதைவிட பயம் பெரிதாக இருந்தது. செய்தித்தாளை விரித்தேன். சிபியூவைத் திறந்தேன். பன்னிரண்டு ஸ்க்ரூவை அடுக்கினேன். தூசி தட்டினேன், "ம்ம்ம்" என்றேன். சரோஜா அக்கா நிலைப்படியில் சாய்ந்து, என்னையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஸ்பீக்கரைத் தள்ளி, பொத்தானை அமுக்கினேன். திரை ஒரு குலுக்குக் குலுங்கி, ஊதா மறைந்தது. பாஸாகிவிட்டேன் என்று பாட்டுப் பாடிக்கொண்டு மோட்டார் ஓட்டினேன்.

கடை வாசலில் முதலாளி நின்றிருந்தார். தோட்ட ஆபிஸிலிருந்து சரோஜா அக்கா போன் செய்துவிட்டாராம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கவுண்டரைப் பார்த்தேன். பில் புத்தகம் அங்கேதான் இருந்தது. அழக்கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. அவர் நாட்காட்டியில் கோடு போடவில்லை. எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அந்தப் பொண்ணு வாசல்ல இருந்தே ஸ்பீக்கரத்தான் பாத்துச்சு, நான் பாத்தேன். தெரிஞ்சும் ஒரு மணி நேரம் பெட்டியப் பிரிச்சுப் போட்டு என் பொழப்பக் கெடுத்துருச்சு. மரத்துல கத்தி ஒரு இழுப்புல போவணும், ரெண்டாவது வெட்டு மரத்தக் கெடுக்கும். இனிமேலும் அந்தப் பொண்ணையே அனுப்புங்க, வேல தெரிஞ்ச பொண்ணு. ஆனா ஆம்பளைங்க மாதிரி வேலை செய்யாதேன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வெளிவேலை பார்த்தேன். மானிட்டர்களைப் புரிந்துகொள்ள முதல் வருஷமே போதுமானதாக இருந்தது, மற்ற பத்தும் அவற்றின் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்காகச் செலவாயின.